ஆச்சி பதில்கள்: சொந்தத் தொழிலும் சுவர்க் கடிகாரமும்

போன இதழில், “வீட்டிலிருந்தே சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள் உங்கள் சங்கடங்களை எழுதுங்கள்” என்று கேட்டிருந்தேன். கடன், வராத பாக்கி, ஜி.எஸ்.டி. என்று எழுதுவீர்கள் என எதிர்பார்த்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நேரத்தைப் பற்றித்தான். வேலையில் உட்கார முடியவில்லை என்று ஒரு கட்சி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்று ஒரு கட்சி.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பள்ளத்தூரில் வீட்டிலேயே கல்யாணப் பலகாரம் செய்து கொடுக்கிறவள். தபால் வழியில் பி.காம். படித்ததைத் தவிர நிர்வாகப் படிப்பு எதுவும் கிடையாது. பதில்களில் எண்ணெய் வாசம் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு தம்பி: சென்னை வேலையை விட்டு ஊருக்கு வந்து, வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். வீட்டில் அப்பச்சி (அப்பா), ஆத்தா, நான் மூன்றே பேர், அறைகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் காலையில் உட்கார்ந்தால் பகல் முழுக்க வேலை நகர்வதில்லை. ராத்திரி பத்துக்கு மேல்தான் ஓடுகிறது. படுக்க இரண்டு மணி ஆகிறது. எந்த அறையில் உட்காருவது, என்ன டைம்டேபிள் போடுவது?

தம்பி, அறையைப் பற்றிக் கேட்கிறீர்கள். முதலில் வாசலைப் பற்றிப் பேசுவோம். கானாடுகாத்தானில் பெரிய வீட்டில் இருக்கிறவரின் பகல்பொழுது எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாதா? பத்து மணிக்கு ஒரு வேன் வந்து நிற்கும். “உள்ளே வந்து பார்க்கலாமா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா” என்பார்கள். தூண் பர்மாத் தேக்கா, தரை ஆத்தங்குடிக் கல்லா என்று கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? அவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பினால் அப்பச்சியின் பாஸ்புக்கில் பதிவு போட பாங்குக்குப் போக வேண்டும். அப்புறம் ஓடு மாற்ற ஆள் வந்திருப்பார். வெளிநாட்டில் இருக்கும் பங்காளி போன் செய்து, என் அறையைத் திறந்து கரையான் இருக்கிறதா பார் என்பார். ராத்திரி பத்துக்கு மேல் இவர்கள் யாரும் வருவதில்லை. அதனால் அப்போது வேலை ஓடுகிறது. உங்கள் கவனத்தில் கோளாறு ஒன்றும் இல்லை.

எங்கள் ஐயா பினாங்கில் கொடுக்கல் வாங்கல் செய்தவர். அங்கே செட்டியார்கள் இருந்த இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். நீளமான ஒரே கூடம். அதில் வரிசையாகப் பல கடைக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு பாய், சாய்வாக மூடி வைத்த ஒரு மேசைப் பெட்டி, சுவரோரம் ஒரு பீரோ. பகலில் அங்கேதான் தொழில், ராத்திரி அங்கேதான் படுக்கை. அவ்வளவு சந்தடியிலும் லட்சக்கணக்கில் கணக்கு எழுதியிருக்கிறார்கள். பெட்டிக்குப் பின்னால் ஆள் உட்கார்ந்தால் கடை திறந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எழுந்துவிட்டால் கடை மூடியாயிற்று. உங்களுக்கு இருபது அறை இருந்தும் அப்படி ஒரு பெட்டி இல்லை. இன்றைக்கு முகப்புத் திண்ணை, நாளைக்கு மாடி, மத்தியானம் கட்டிலில் மடிக்கணினி என்று இருந்தால், நீங்கள் எப்போது வேலையில் இருக்கிறீர்கள் என்று ஆத்தாவுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கே தெரியாதே.

ஆகவே முகப்பு வேண்டாம். தெருவில் போகிறவர் எட்டிப் பார்த்து “என்ன தம்பி, சும்மா இருக்கீகளா?” என்று உட்கார்ந்துவிடுவார். உள்ளே தள்ளி, இரண்டாங்கட்டில் ஓரமாக ஒரு அறை, ஒரு மேசை. அங்கே சாப்பிடாதீர்கள், அங்கிருந்து சொந்தக்காரர்களுடன் போன் பேசாதீர்கள். பேச வேண்டுமா, எழுந்து வெளியே வந்து பேசுங்கள்.

பெரியவர்கள் வேலை சொன்னால் “எனக்கு வேலை இருக்கு” என்று சொல்லாதீர்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கிறவன் சொல்லும் அந்த வார்த்தைக்கு எங்கள் தலைமுறையிடம் மதிப்பில்லை, வருத்தம்தான் மிஞ்சும். “பன்னிரண்டரைக்கு வந்து செய்கிறேன் அப்பச்சி” என்று மணியைச் சொல்லுங்கள். சொன்னபடி பன்னிரண்டரைக்கு எழுந்து போங்கள். சில வாரங்கள் தவறாமல் போனால் போதும், அப்பச்சியே வருகிறவர்களிடம் “அவன் பன்னிரண்டரைக்குத்தான் வருவான்” என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார். வீடு பார்க்க வருகிறவர்களுக்கும் வாசலில் ஒரு அட்டை மாட்டுங்கள்: மாலை நான்கு முதல் ஐந்து வரை.

முழு நாளுக்கும் டைம்டேபிள் போடாதீர்கள். அப்படிப் போடுகிறவர்கள், பதினொரு மணிக்கு அது கிழிந்ததும் மிச்ச நாளையும் சேர்த்துக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை பக்கம் வடிவமைக்கிற நேரம். அதை மட்டும் காப்பாற்றுங்கள். மெயில், பில், அச்சகத்தோடு பேச்சு எல்லாம் மத்தியானம். நாளைக் காலை எந்த அத்தியாயம், எந்தப் பக்கம் என்பதை முந்தின இரவே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேசைமேல் வைத்துவிடுங்கள். காலையில் வந்து உட்கார்ந்து எதை ஆரம்பிப்பது என்று யோசிக்கிற இடைவெளியில்தான் கை செல்போனுக்குப் போகிறது.

பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிக்காரர், 1980களின் கடைசியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, தக்காளி வடிவத்தில் இருந்த அடுப்படி அலாரத்தைத் திருகி வைத்துப் படித்தாராம். 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு. நான்கு தடவை ஆனால் கொஞ்சம் நீண்ட ஓய்வு. இன்றைக்கு பொமோடோரோ என்று உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். ஆரம்பிக்கத் தயங்குகிறவர்களுக்கு இது நல்ல முறை. எனக்கு ஒத்துவராது, சீடை எண்ணெயில் கிடக்கும்போது அலாரம் அடித்தால் எழுந்து போக முடியுமா? உங்கள் வேலையிலும் சூடு பிடித்தபிறகு மணி அடித்தால் பொருட்படுத்த வேண்டாம்.

இன்னொன்று. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்பது முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடும். அதைப் பார்த்து, பாங்க், தாலுகா ஆபீஸ், கண் டாக்டர் எல்லாவற்றையும் அந்த ஒரு பகலுக்கே தள்ளி வையுங்கள்.

தேவகோட்டையிலிருந்து ஒரு தையல்காரப் பெண்: வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன், ஆரி வேலையும் செய்கிறேன். முகூர்த்த மாதம் வந்தால் ராத்திரி ஒரு மணி வரை மிஷினில்தான் இருக்கிறேன். அப்படியும் சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியாமல் எல்லோரிடமும் பேச்சு வாங்குகிறேன். கவனம் சிதறாமல் வேகமாகத் தைக்க வழி சொல்லுங்கள் ஆச்சி.

வேகத்தில் வழி இல்லை தங்கச்சி. ராத்திரி ஒரு மணி வரை மிதிக்கிறவளிடம் இன்னும் வேகமாக மிதி என்று எந்த வாயால் சொல்வது? உங்கள் நேரம் மிஷினில் போகவில்லை. வாசலில் நின்று “சரிக்கா” என்று சொல்கிறீர்களே, அங்கே போகிறது.

எப்படி நடக்கும் என்று சொல்லட்டுமா? ஒரு அம்மா மகளையும் பட்டுச்சேலையையும் கூட்டிக்கொண்டு வருகிறார். “நாளான்னிக்கு நிச்சயதார்த்தம். நீ தைத்தால்தான் அவளுக்கு உட்காருது” என்கிறார். அந்தப் பாராட்டுக்கு அரை நிமிடத்தில் தலையாட்டிவிடுகிறீர்கள். அந்த அரை நிமிடம் உங்கள் இரண்டு ராத்திரியைக் கொண்டுபோய்விடுகிறது. அதோடு போகிறதா? ஏற்கெனவே தேதி சொல்லி வைத்த மூன்று பேரின் பிளவுஸும் தள்ளிப்போகிறது. இன்றைக்கு வந்த கடிதங்கள் முக்கால்வாசிக்கும் நான் இதைத்தான் பதிலாக எழுத வேண்டும்: ஆர்டரை ஒத்துக்கொள்ளும்போதே நேரம் போய்விடுகிறது. அப்புறம் மேசையில் உட்கார்ந்து அதைத் தேடினால் கிடைக்காது.

கானெமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1979லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். (கானெமனுக்கு 2002ல் பொருளாதார நோபல் கிடைத்தது.) ஒரு வேலைக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டால், எல்லாம் சரியாக நடந்தால் எவ்வளவு ஆகுமோ அதைத்தான் மனிதர்கள் சொல்வார்களாம். இதற்கு முன்னால் பத்து தடவை தாமதமானது ஞாபகம் இருந்தாலும், இந்தத் தடவை ஆகாது என்றே நினைப்பார்களாம். நூல் தீராது, கரண்ட் போகாது, பிள்ளைக்குக் காய்ச்சல் வராது என்று வைத்துக்கொண்டுதான் நாம் தேதி சொல்கிறோம். அதற்கு மருந்து, இதே வேலை முன்பு எவ்வளவு நேரம் பிடித்தது என்று பழைய கணக்கைப் பார்த்துச் சொல்வது. உங்களிடம் அந்தக் கணக்கு இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். துணி வெட்டியதிலிருந்து கொக்கி வைத்து முடிக்கிறவரை, லைனிங் பிளவுஸுக்கு எவ்வளவு நேரம், கழுத்துக்கு மட்டும் ஆரி போட எவ்வளவு, கை முழுக்கப் போட எவ்வளவு. ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். மலைத்துப்போவீர்கள்.

பலகார வேலையில் நாங்கள் தேதியைப் பின்னாலிருந்து எண்ணுவோம். வெள்ளிக்கிழமை கல்யாணம்; புதன் ராத்திரி பலகாரம் வண்டி ஏற வேண்டும். அப்படியென்றால் அதிரசம் செவ்வாய், புதனில் சுட வேண்டும். அதிரச மாவு பாகில் ஊற ஒரு நாளாவது வேண்டும், இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது. ஆக ஞாயிற்றுக்கிழமை அரிசி ஊறி, நிழலில் உலர்ந்து, ஈரம் இருக்கும்போதே இடிபட வேண்டும். வெல்லம் சனிக்கிழமைக்குள் வீட்டில் இருக்க வேண்டும். தேன்குழலும் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் கெடாது; அவற்றை அதற்கும் முந்தின வாரமே முடித்து டின்னில் போட்டுவிடலாம். மில்லில் அரைத்த மாவைச் சூட்டோடு மூடி வைக்கக்கூடாது, பரப்பி ஆறவிட வேண்டும். அதற்கும் ஒரு பொழுது போகும். மணகோலத்துக்கு முறுக்கு முன்னாடியே பிழிந்து வைக்கலாம், பாகு ஊற்றுவது கடைசியில். வெள்ளைப் பணியாரம் மட்டும் அன்றைக்கு ஆட்டி அன்றைக்கே ஊற்ற வேண்டும். அதற்கு ஆள்தான் கூடப் போக வேண்டும். இத்தனையையும் எண்ணிப் பார்த்த பிறகுதான், “அந்த முகூர்த்தம் முடியுமா ஆச்சி?” என்று கேட்கிறவர்களுக்கு நான் வாயைத் திறப்பேன். போனிலேயே உடனே சொல்லுங்கள் என்றால், “சாயங்காலம் சொல்கிறேன்” என்பதுதான் என் பதில். வெள்ளிக்கிழமை கல்யாணம் என்று ஒத்துக்கொள்கிறவள், முந்தின வாரத்தையே கொடுத்துவிடுகிறாள் இல்லையா?

நீங்களும் அப்படிச் செய்யுங்கள். வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் பெரிய மாதக் காலண்டர் ஒன்றை மாட்டி, ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் ஒத்துக்கொண்ட பிளவுஸை எழுதுங்கள். நோட்டில் வந்த கணக்குப்படி ஒரு நாளைக்கு மூன்று என்றால் மூன்றோடு நிறுத்துங்கள். கட்டம் நிறைந்திருப்பதை அவர்களே பார்ப்பார்கள். முடியாது என்று நீங்கள் சொல்ல வேண்டிய அவசியம் பாதி குறைந்துவிடும். வாரத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விடுங்கள். அது ஓய்வுக்கு இல்லை. உள்பக்கம் பிரித்துக் கொடு, அளவு இறுகுது என்று திரும்பி வருகிறதே, அதற்கு. முன்பணம் வாங்காமல் கட்டத்தில் எழுதாதீர்கள். முன்பணம் கொடுக்காதவர் எப்போது வேண்டுமானாலும் மனசு மாறலாம், அந்தத் தேதியில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

அவசர வேலைக்குக் கூலி கூட்டி வாங்கலாமா என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். தாராளமாக வாங்கலாம். ராத்திரி பஸ்ஸில் பிளாக்கில் டிக்கெட் வாங்குகிற ஜனங்கள்தானே! சொந்தக்காரர்களிடம் எப்படிக் கேட்பது என்பீர்கள். கேட்க வேண்டாம், பழைய கூலியே வாங்குங்கள். தேதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அளவு எடுப்பதும் துணி வாங்கிக்கொள்வதும் மாலை நான்கிலிருந்து ஆறு வரை மட்டும். சோபி லெராய் என்ற ஆய்வாளர் 2009ல் சொன்ன ஒரு விஷயம் உங்களுக்கு நன்றாகப் பொருந்தும்: முடிக்காத வேலையை விட்டு அடுத்ததற்குப் போகும்போது, கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. ஆரி ஊசியை வைத்துவிட்டு அளவு எடுக்க எழுந்து போய் வந்தால், எந்த வரிசையில் எத்தனை மணி கோத்தோம் என்று எண்ணுவதற்கே நேரமாகிறது இல்லையா? வெட்டு வேலையெல்லாம் காலை வெளிச்சத்தில் ஒரே மூச்சாக. கொக்கியும் ஹெம்மிங்கும் பக்கத்து வீட்டுப் பெண் யாருக்காவது பீஸுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடுங்கள்.

ஆடியும் மார்கழியும் நமக்குக் காலியான மாதங்கள். தை மாத முகூர்த்தத்துக்குச் சேலை எடுத்துவிட்டவர்களிடம், மார்கழியிலேயே கொண்டுவந்து கொடுத்தால் சொல்கிற நாளில் கிடைக்கும் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

காரைக்குடி வாசகர்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்தால் சொந்தத் தொழில் உருப்படும்?

மணி நேரத்துக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை. பகலில் நான்கு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் செய்ய முடிந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

கண்டனூர் வாசகி: ஊறுகாயும் பொடி வகைகளும் போட்டு விற்கிறேன். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. அதனால் போனை அணைக்கவும் முடியவில்லை, எடுத்தால் வைக்கவும் முடியவில்லை. ஆர்டர் பார்க்கப் போய் ஒரு மணி நேரம் ரீல்ஸ் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஆர்டருக்கு என்று தனி நம்பர், முடிந்தால் தனி போன். பழைய போன் போதும். அதில் வாட்ஸ்அப் பிசினஸ் மட்டும் போடுங்கள். நீங்கள் பார்க்காத நேரத்தில் தானாகப் பதில் போகிற வசதி அதில் இருக்கிறது. “காலை 11, மாலை 5 மணிக்கு ஆர்டர் பார்ப்பேன், இரண்டு கிலோவுக்கு மேல் என்றால் மூன்று நாள் முன்பே சொல்லவும்” என்று எழுதி வைத்துவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பதில் எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் அவர்களுக்கு எரிச்சல்.

சொந்த போன் அடுப்படியில் இருக்கக்கூடாது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சிலர் 2017ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள்: அணைத்து வைத்திருந்தாலும், போன் பக்கத்து மேசையில் இருந்தாலே மூளையின் கவனம் குறைகிறது, வேறு அறையில் இருந்தால் அப்படி இல்லை என்று. பின்னால் செய்து பார்த்த சிலருக்கு அந்த முடிவு அப்படியே வரவில்லை. அதைப் படித்தவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். மிளகாய் வற்றலை எண்ணெயில் போட்டுவிட்டு ரீல்ஸ் பார்ப்பது கூடாது என்பதற்கு டெக்சாஸ் வரை போக வேண்டியதில்லை. முகப்பில் ஒரு மாடத்தில் போனை வையுங்கள். அங்கே போய் நின்றுகொண்டே பாருங்கள். நின்றுகொண்டு ஒரு மணி நேரம் ரீல்ஸ் பார்க்க நம் வயதில் முழங்கால் விடாது.

ஆத்தங்குடியிலிருந்து: நாங்கள் தரைக்குப் பதிக்கிற பூக்கல் போடுகிற பட்டறை வைத்திருக்கிறோம். வேடிக்கை பார்க்கவும் வீடியோ எடுக்கவும் தினமும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் சிலர் வாங்கவும் செய்கிறார்கள், விரட்ட முடியவில்லை. போனில் விலை கேட்கிறவர்கள் வேறு. வேலை பாதி நேரம் நிற்கிறது.

கண்ணாடித் தட்டில் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுகிற கை, நடுவில் நிற்க முடியாத கை. சிமென்ட் காத்திருக்காது. ஆகவே வருகிறவர்களுக்குப் பட்டறை முழுவதையும் திறந்துவிடாமல், ஓரமாக ஒரு மேடை போட்டு, காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஒருவர் மட்டும் அவர்கள் முன்னால் கல் போட்டுக் காட்டட்டும். மற்றவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

போனில் விலை கேட்கிறவர்களுக்கு மூன்று கேள்வி: எத்தனை சதுர அடி, எந்த ஊர், எப்போது தரை போடுகிறீர்கள்? இதை ஒரே செய்தியாக எழுதி வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அனுப்புங்கள். வீடு கட்டுகிறவர் உடனே பதில் எழுதுவார். மற்றவர்கள் அத்தோடு போய்விடுவார்கள். தேதி சொல்லும்போது, கல் காய்கிற நாளையும் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கிற நாட்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். “கல் போட்டாச்சா?” என்று கேட்கிறவருக்கு ஆமாம் என்று சொன்னால், மறுநாளே லாரி அனுப்பிவிடுவார். கல் தொட்டியில் கிடக்கிற பகலில் கணக்கையும் போனையும் பார்த்துக்கொள்ளலாம். அந்த வசதி எங்களுக்கு இல்லை, பொறாமையாகத்தான் இருக்கிறது.

கோட்டையூரிலிருந்து ஒரு வாசகி: என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்தே கடைகளுக்குக் கணக்கு, வரி வேலை பார்க்கிறார். ஆபீஸில் இருந்தபோதாவது ஆறு மணிக்கு வருவார். இப்போது சாப்பிடும்போதும் மடிக்கணினி. ஞாயிறும் கிடையாது. கேட்டால், “சொந்தத் தொழில்னா அப்படித்தான்” என்கிறார்.

அவர் தொழிலில் சில தேதிகள் தலைக்கு மேல் இருக்கும் என்பது உண்மை. மாதம் 11, 20 தேதிகளில் ஜி.எஸ்.டி. வருஷத்துக்கு ஒரு தடவை வருமான வரி. அந்த வாரங்களில் அவரை விட்டுவிடுங்கள், நீங்களும் வருத்தப்படாதீர்கள். மாதத்தின் கடைசி வாரத்திலும் அதே ஓட்டம் என்றால்தான் கேட்க வேண்டும்.

கணக்கு எழுதுகிறவரிடம் கணக்கிலேயே பேசுங்கள். அந்தக் காலத்துச் செட்டிநாட்டுக் கடைகளில் அன்றாட வரவு செலவைச் சிட்டையில் எழுதி, இருப்பு நேர் பார்த்து மூடிவிட்டுத்தான் கடை கட்டுவார்கள். பேரேட்டில் ஏற்றுவது மறுநாள் இருக்கலாம், சிட்டை மட்டும் திறந்து கிடக்காது. இவர் தன் நாளைத் திறந்தபடியே விட்டுவிட்டு எழுந்து வருகிறார். அதனால்தான் சாம்பாரில் கை வைக்கும்போதும் அது கூடவே வருகிறது.

இதற்கு ஒரு ஆராய்ச்சி உண்டு. முடியாத வேலை மனதை அரித்துக்கொண்டே இருக்கும் என்பது பழைய செய்தி. 2011ல் அமெரிக்காவில் இரண்டு உளவியலாளர்கள் கண்டது என்னவென்றால், அந்த அரிப்பு நிற்க வேலையை முடிக்க வேண்டும் என்பதில்லை. எப்போது, எப்படி முடிப்பது என்று தெளிவாகத் திட்டம் எழுதிவிட்டாலே பெருமளவு அடங்கிவிடுகிறது. ஆகவே ராத்திரி ஏழு மணிக்கு அவர் ஒரு காகிதத்தில் எழுதட்டும்: எந்தக் கடைக்காரரின் பில் இன்னும் வரவில்லை, நாளைக் காலை எதில் ஆரம்பிப்பது, யாருக்குப் போன். எழுதிவிட்டு மடிக்கணினியை மூடட்டும். சாப்பாட்டு இலைக்கு அது வரக்கூடாது என்று நீங்கள் சட்டம் போடலாம்; அடுப்படி நம் எல்லை.

அப்புறம், சனிக்கிழமை ராத்திரி ஒன்பதுக்குப் பில்லை அனுப்பிவிட்டு “திங்கள் காலை வேணும் சார்” என்கிற கட்சிக்காரர் ஒருத்தர் இருப்பார் பாருங்கள். அவருக்கு இவர் முதல் தடவை சரி சொன்ன நாள் எது என்று கேளுங்கள். உங்கள் ஞாயிறு அன்றைக்குப் போனதுதான்.

அரிமளம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி: ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். வேலை கையில் இருக்கிறது, தேதியும் இருக்கிறது. ஆனால் கோப்பைத் திறக்கவே பிடிக்கவில்லை. அலமாரி அடுக்குகிறேன், பாத்திரம் விளக்குகிறேன். சோம்பேறியும் இல்லை நான்.

பாத்திரம் விளக்குகிறவரை யார் சோம்பேறி என்பது! தள்ளிப்போடுவதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள், இது நேரத்தைப் பற்றிய சங்கடமே இல்லை, மனநிலையைப் பற்றியது என்கிறார்கள். அந்த வேலையை நினைத்தால் ஒரு பயமோ எரிச்சலோ வருகிறது. அதிலிருந்து தப்பிக்க அலமாரிக்குப் போகிறோம். அந்த நிமிடத்துக்கு மனசு லேசாகிறது, சாயங்காலம் இரண்டு மடங்கு கனக்கிறது.

எதற்குப் பயம் என்று பாருங்கள். எல்லாக் கோப்புக்கும் இப்படி இருக்காது. புரியாத சட்டச் சொல் இருக்கிறதா? போன தடவை பணம் இழுத்தடித்த கட்சிக்காரரா? கூலி குறைவாகப் பேசிவிட்டீர்களா? மூன்றாவது என்றால் அலமாரிமேல் பழி போடாதீர்கள். அடுத்த தடவை கூலியைச் சரியாகப் பேசுங்கள். இந்தத் தடவைக்கு, முடிப்பதை நினைக்காமல் முதல் பத்தியை மட்டும், நன்றாக வர வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் அடித்து வையுங்கள். மட்டமான முதல் பத்தியைத் திருத்தக் கை தானாக வரும். வெறும் பக்கத்தைத் திருத்த யாருக்கும் கை வராது.

தேவகோட்டையிலிருந்து ஒரு மூத்த வாசகர்: எங்கள் காலத்தில் கவனம், நேர நிர்வாகம் என்று யாரும் பத்தி எழுதவில்லை. கடல் கடந்து போய்த் தொழில் செய்து வரவில்லையா?

செய்தார்கள் அண்ணே. ஆனால் தனியாகச் செய்யவில்லை. வேலை பழகப் பெட்டியடிப் பையனாகப் போனவனுக்கு மேலே அடுத்தாள், அவருக்கு மேலே கடையை நடத்துகிற மேலாள். கடிகாரம் பார்க்கவே வேண்டாம், கண்கொத்திப் பாம்பாக ஆள் இருந்தது. மேலாளுக்கும் சும்மா இல்லை; ஊரிலிருக்கிற முதலாளிக்குக் கணக்கும் கடிதமும் தவறாமல் போக வேண்டும். மூன்று வருடக் கணக்கு என்று போனால், முடிந்து ஊர் வரும்போது மொத்தத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். இன்றைக்குத் தனியறையில் கணினி முன்னால் இருக்கிற பிள்ளைக்கு மேலாளும் அவனே, பெட்டியடிப் பையனும் அவனே. இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

அதனால் இப்படி வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது, வேறு தொழில் செய்கிற ஒரு சிநேகிதரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள் என்பது. காலையில் இன்றைக்கு எதை முடிக்கப் போகிறேன் என்று ஒரு வரி, மாலையில் முடிந்ததா இல்லையா என்று ஒரு வரி. எனக்கு புதுவயலில் அரிசி மண்டி வைத்திருக்கிற சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். “முடியலை” என்று அனுப்பினால் ஏன் என்று கேட்க மாட்டாள். ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்புவாள். அது போதும்.

உங்களுக்கு ஓய்வு இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது. தெருவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், தினம் சாயங்காலம் “இன்னிக்கு என்ன முடிச்சே?” என்று நீங்கள் கேட்கலாமே. அறிவுரை மட்டும் வேண்டாம்.

திருச்சி வாசகி: தை மாதம் முதல் முகூர்த்தத்தில் என் மகளுக்குக் கல்யாணம். அதிரசம், மணகோலம், சீப்புச் சீடை செய்து தருவீர்களா? நீங்கள் எப்படியும் முடியாது என்று சொல்ல மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முடியாது. தையில் முதல் இரண்டு முகூர்த்தத்துக்கும் கட்டம் நிறைந்துவிட்டது. சீப்புச் சீடை மட்டும் என்றால் மார்கழி நடுவிலேயே செய்து டின்னில் கொடுத்துவிடலாம், டப்பாவில் ஈரம் படாமல் வைத்தால் கல்யாணம் வரை மொறுமொறுவென்று இருக்கும். அதிரசத்துக்கும் மணகோலத்துக்கும் உங்கள் ஊரிலேயே ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். சீடை வேண்டுமென்றால் எத்தனை எண்ணிக்கை, வண்டி யார் அனுப்புவது என்பதைப் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். முன்பணம் பாதி.